மூன்று தடவை பிறந்தவள்

அந்த வட்டாரத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்களே கிடையாது. எல்லோருக்கும் அவள் பெட்டிக்காரி. தோளில் ஏணியும் இடுப்பில் கருவிப் பையுமாக ஊர் ஊராகத் திரிந்து, உயரமான கூரை எதைக் கண்டாலும் கதவைத் தட்டி, "மேல ஒரு பெட்டி வெச்சுக்கட்டுமா? சத்தம் போடாது, சோறு கேட்காது" என்று சொல்லிக்கொண்டிருந்தால் வேறு என்ன பெயர் கிடைக்கும்? தண்ணீர்த் தொட்டியின் உச்சி, பேருந்துப் பணிமனையின் தகரக் கூரை, பள்ளிக்கூட மொட்டைமாடி, ஏரிக்கு அக்கரையில் படகுத்துறையை ஒட்டி அவளுடைய அத்தை நடத்தும் பேக்கரி, அதற்கும் மேலே மலையில் இருக்கும் ஆஸ்பத்திரி என்று எங்கெங்கும் அவள் வைத்த சாம்பல் நிறப் பெட்டிகள் குட்டி ஆன்டெனாவை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

மகள் கம்ப்யூட்டரில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள் என்று அம்மா எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வாள். என்ன ஆராய்ச்சி என்று யாராவது தோண்டிக் கேட்டால்தான் சிக்கல். "கூரை ஏறுறா" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவாள்.

ஆராய்ச்சி உண்மையில் சுலபமானதுதான், சொல்வதற்கு. இருக்கிற தொலைபேசியும் இணையமும் நகரத்தில் இருக்கும் பெரிய நிலையத்தை நம்பி ஓடுகின்றன. அடுத்த தெருவில் இருப்பவருக்கு ஒரு வார்த்தை அனுப்பினாலும் அது நகரத்துக்குப் போய்த்தான் திரும்ப வேண்டும். வழியில் கேபிள் அறுந்தால் அடுத்த தெருவும் அடுத்த கண்டம்தான். பெட்டிக்காரியின் பெட்டிகளுக்கோ தலைவன் என்று யாரும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் தன் பக்கத்துப் பெட்டிகளை மட்டும் தெரியும். செய்தி வந்தால் பக்கத்தில் இருப்பதிடம் கொடுக்கும். அது அதன் பக்கத்தில் இருப்பதிடம் கொடுக்கும். ஒரு பெட்டி செத்தால் மற்றவை தங்களுக்குள் பேசி வேறு வழி கண்டுபிடித்துக்கொள்ளும்.

"அதாவது பக்கத்து வீட்டுக்காரிகிட்ட சொன்னா ஊருக்கே போய்ச் சேர்ந்துடும்கிற. அப்படித்தானே?" என்று அத்தை ஒருநாள் கேட்டாள்.

"கிட்டத்தட்ட அப்படித்தான் அத்தை."

"இதுக்குப் படிப்பு வேறயா? நான் சின்ன வயசுலயே இதப் பண்ணிட்டிருந்தேனேடி!"

பெட்டிக்கு அருகில் போய்க் கைபேசியைத் திறந்தால் ஒரு பக்கம் வரும். எந்த ஊர்ப் பெட்டிக்கு என்று தேர்ந்தெடுத்து இரண்டு வரி எழுதி அனுப்பலாம். அவ்வளவுதான். படம் போகாது, குரல் போகாது. கைபேசிகள் ஒழுங்காக வேலை செய்யும்போது இந்த இரண்டு வரி யாருக்கு வேண்டும்? அதைத்தான் மதிப்பீட்டாளரும் கேட்கப்போகிறார் என்று அவளுக்குத் தெரியும்.

மதிப்பீட்டாளர் என்பவர் ஆராய்ச்சி நிதிக் குழு அனுப்பி வைக்கும் ஆள். கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு, சிரிப்பை வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டு வருகிறவர். போன மாதம் பக்கத்து ஆய்வகத்துக்கு வந்து, மூன்று கேள்வி கேட்டு, அவர்கள் திட்டத்தை அன்றைக்கே இழுத்து மூடிவிட்டுப் போயிருந்தார். அவர் இன்று காலை இங்கே வருகிறார். அவளுடைய பேராசிரியரோ மாநாடு என்று வெளிநாட்டில் உட்கார்ந்திருந்தார். துணைக்கு இருந்தது தாடி ஒருவன்தான். பெட்டிகளுக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகைகளைப் பற்றவைத்துக் கொடுப்பவன். முகத்தில் கண்ணும் மூக்கும் தவிர மற்றதெல்லாம் தாடி.

பெட்டிக்காரி ஆய்வகத்து மேசையை மூன்றாவது தடவையாகத் துடைத்துக்கொண்டிருந்தபோது தம்பி போன் செய்தான். தம்பியும் அவன் மனைவியும் மலை மேல் ஊரில் பள்ளி ஆசிரியர்கள். பிரசவத்துக்கு இன்னும் நாள் இருந்தது.

"அக்கா, இவளுக்கு வலி எடுத்துடுச்சு! ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம். அம்மாகிட்ட சொல்லிட்டேன். நீ பதறாத. இங்க டாக்டர் என்ன சொல்றார்னா..."

அதோடு குரல் நின்றது. அவள் "ஹலோ ஹலோ" என்றாள். கைபேசியை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பார்த்தாள். தாடி தன் கைபேசியைப் பார்த்தான். அதிலும் ஒரு கோடுகூட இல்லை. இணையமும் இல்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேசை மேல் இருந்த சாம்பல் நிறப் பெட்டி 'டிங்' என்றது. பேருந்துப் பணிமனையிலிருந்து செய்தி. 'பாலத்துகிட்ட பள்ளம் தோண்டுற வண்டி கேபிளை அறுத்துடுச்சு. ஊர் பூரா போன் அவுட். உங்க பெட்டி மட்டும் வேலை செய்யுது போல?'

தாடி தாடிக்குள் எங்கேயோ சிரித்தான். "நாம கேட்டிருந்தாகூட இப்படி ஒரு நாள் கிடைச்சிருக்காது" என்றான்.

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வட்டாரம் முழுக்க ஊமையாகி, தன் பெட்டிகள் மட்டும் பேசிக்கொண்டிருக்கின்றன. அது கனவு. ஆனால் தம்பி பாதி வார்த்தையில் நின்றுவிட்டானே!

அப்போதுதான் கதவு திறந்து மதிப்பீட்டாளர் உள்ளே வந்தார். அவர் உட்காருவதற்குள் அவருக்குப் பின்னாலேயே இரண்டு பைகளோடு அம்மாவும் வந்துவிட்டாள்.

"போன் செத்துப்போச்சுடி! பஸ்ஸுக்குக் கிளம்பினவ அப்படியே இங்க வந்துட்டேன். சேதி தெரியாம எனக்கு மலை ஏறவே கால் வராது. உன் பெட்டியத் திற, என் பையன் என்ன சொல்றான்னு பாரு." பிறகு மதிப்பீட்டாளரைப் பார்த்து, "தம்பி, கொஞ்சம் நகந்து உக்காருங்க, பைய வெக்கணும்" என்றாள்.

மூன்றே கேள்வியில் ஒரு திட்டத்துக்கு மூடுவிழா நடத்தியவர், அடக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்.

"அம்மா, இவர்தான் இன்னிக்கு எங்களப் பரிசோதிக்க வந்திருக்கிறவர்" என்று பெட்டிக்காரி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"நல்லதாப் போச்சு. அவரும் பாக்கட்டும்."

வேறு வழியில்லை. பெட்டிக்காரி விளக்க ஆரம்பித்தாள். திரையில் வட்டாரத்தின் வரைபடம். பெட்டிக்கு ஒரு பச்சைப் புள்ளி. செய்தி கடக்கும்போது புள்ளிகளுக்கு நடுவே கோடு மின்னும். யார் யாருக்கு என்ன எழுதினார்கள் என்பது இங்கே தெரியாது. ஆய்வகத்துக்கென்று வருவதை மட்டும்தான் படிக்க முடியும். ஆனால் அன்றைக்குக் கோடுகள் மின்னிய மின்னல் இருக்கிறதே, இரண்டு வருடத்தில் அவள் பார்த்ததில்லை. ஊரே கூரைகளுக்கு அடியில் கூடி எழுதிக்கொண்டிருந்தது.

"நடுவுல எது இருக்கு?" என்று, ஒரு மணி நேரத்துக்கு மேல் கேட்டுக்கொண்டிருந்த மதிப்பீட்டாளர் முதல் கேள்வியைக் கேட்டார்.

"நடுவுன்னு எதுவும் இல்ல சார்."

"ரொம்ப வேலை செய்யுற பெட்டியக் காட்டுங்க."

"தண்ணித் தொட்டி மேல இருக்கிறது."

"அத நிறுத்துங்க. பாக்கலாம்."

தாடி ஓடினான். தொட்டி பின்பக்கத்தில்தான் இருந்தது. சிறிது நேரத்தில் திரையில் அந்தப் புள்ளி சிவந்து அணைந்தது. கோடுகள் எல்லாம் ஒரு நொடி திகைத்து நின்றன. பெட்டிக்காரிக்கு மூச்சு நின்றுவிட்டது. பிறகு ஒரு கோடு பள்ளிக்கூடம் வழியாக நெளிந்தது. இன்னொன்று ஏரியைச் சுற்றிக்கொண்டு போனது. வரைபடம் மறுபடி மின்னத் தொடங்கியது. அவளுக்கு மேசை மேல் ஏறி ஆடலாம் போல இருந்தது. மதிப்பீட்டாளர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். அது பாராட்டா, கழுத்து வலியா என்று சொல்ல முடியவில்லை.

அந்த நேரத்தில் பெட்டி 'டிங்' என்றது. மலை ஆஸ்பத்திரியிலிருந்து தம்பி.

'பொண்ணு பொறந்தாச்சு. நல்லா இருக்கா.'

அம்மா போட்ட சத்தத்தில் ஜன்னலில் இருந்த புறா பறந்தது. அவள் மகளைக் கட்டிப்பிடித்தாள், பையைக் கட்டிப்பிடித்தாள், கைக்கு எட்டிய தூரத்தில் இருந்ததால் மதிப்பீட்டாளரின் கன்னத்தையும் பிடித்துக் கிள்ளினாள். "பேத்தி! எனக்குப் பேத்தி!"

'டிங்.'

'பொண்ணு பொறந்தாச்சு. நல்லா இருக்கா.'

அம்மா நின்றாள். "இன்னொண்ணா?"

"அம்மா, இரு..."

'டிங்.'

'பொண்ணு பொறந்தாச்சு. நல்லா இருக்கா.'

அம்மா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். "மூணாடி?" என்றாள் மெல்லிய குரலில். "அந்தப் பொண்ணு இத்தனூண்டு இருப்பாளே... மூணா?"

பெட்டிக்காரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். என்ன நடந்தது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒரு பெட்டி அடுத்த பெட்டிக்குச் செய்தியைக் கொடுத்ததும், 'வந்து சேர்ந்தது' என்று பதில் வர வேண்டும். பதில் வராவிட்டால் மறுபடி கொடுக்கும். தொட்டிப் பெட்டியை நிறுத்தியதால் செய்திகள் ஏரியைச் சுற்றிக்கொண்டு வந்தன. ஏரி மேல் காற்று. செய்தி வந்துவிட்டது, பதில்தான் வழியில் தொலைந்திருக்கிறது. மலைப் பெட்டி பொறுப்பாகத் திரும்பத் திரும்ப அனுப்பியிருக்கிறது. வந்ததே மறுபடி வந்தால் தூக்கிப் போட வேண்டும் என்ற பகுதியை அவள் இன்னும் எழுதவில்லை. அடுத்த மாத வேலை என்று ஒதுக்கி வைத்திருந்தாள்.

"ஒரே சேதிதான்மா, மூணு தடவ வந்திருக்கு. பொறந்தது ஒண்ணுதான்."

அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த கையோடு லேசான ஏமாற்றமும் வந்தது. "ஒண்ணுதானா..." என்றாள்.

'டிங்.' இது படகுத்துறை பேக்கரி. தம்பி அங்கேயும் அதே செய்தியை அனுப்பியிருந்தான் போல. அத்தை.

'மூணா!!! துறை பூரா சொல்லிட்டேன். மூணு தொட்டிலுக்கு ஆள் அனுப்பியாச்சு. கேக் அடுப்புல.'

பெட்டிக்காரி அவசர அவசரமாக எழுதினாள். 'அத்தை, ஒண்ணுதான். பெட்டியோட தப்பு.'

'ஒண்ணா? படகுக்காரங்க எல்லாம் கைகுலுக்கிட்டுப் போயிட்டாங்க. இப்ப நான் எந்த முகத்த வெச்சுக்கிட்டு வெளிய போவேன்?'

அந்தப் பதிலும் மூன்று தடவை வந்தது.

"இத இப்ப சரி பண்ண முடியுமா?" என்றார் மதிப்பீட்டாளர். இரண்டாவது கேள்வி. இதற்கு முன்னால் மூன்றாவது கேள்வியோடு ஒரு திட்டம் செத்திருக்கிறது என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது.

"முடியும் சார்" என்றாள், முடியுமா என்று தெரியாமலே.

விசைப்பலகையில் அவள் விரல்கள் பறந்தன. முறையாகச் செய்வதென்றால் ஒவ்வொரு செய்திக்கும் அது எழுதப்பட்ட இடத்திலேயே தனி எண் கொடுக்க வேண்டும். அதற்குப் பெட்டிகள் எல்லாவற்றிலும் நிறைய மாற்ற வேண்டும். இப்போதைக்குக் குறுக்குவழி ஒன்றுதான் இருந்தது: ஒரே இடத்திலிருந்து அதே வார்த்தைகளோடு ஒரு செய்தி மறுபடி வந்தால், அது பழையது, தூக்கிப் போடு. எழுதி முடித்து அனுப்பினாள். மாற்றம் பெட்டியிலிருந்து பெட்டிக்குத் தாவி, வரைபடம் முழுக்கப் பரவியது. தாடி தன் கைபேசியிலிருந்து எழுதிச் சோதித்தான். ஒரு தடவைதான் வந்தது. இன்னொரு தடவை. ஒன்றுதான்.

"ஆனா ஒரே ஆள் அதே வார்த்தைய வேற விஷயத்துக்கு எழுதினா?" என்றார் மதிப்பீட்டாளர்.

"அதே வார்த்தைய எதுக்கு சார் ஒருத்தர் ரெண்டு தடவ எழுதப்போறார்?" என்றாள் அவள், வெற்றி மயக்கத்தில்.

அம்மா பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்து அவர் கையில் திணித்தாள். அவர் வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் போயிற்று. படகு கிளம்பும் நேரம், பள்ளி விடும் நேரம், மருந்துக்கடைக்கு என்ன வேண்டும் என்று ஊர் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. கோடுகள் மின்னின. தாடி மூலையில் மெதுவாகச் சீட்டியடித்தான்.

தம்பியிடமிருந்து மறுபடி செய்தி.

'என்ன யாரையும் காணோம்? ஒருத்தருக்கும் ஆச்சரியமா இல்லையா?'

அவளுக்குச் சிரிப்பு வந்தது. 'சந்தோஷத்துல அம்மா பிஸ்கட் பூரா குடுத்துத் தீத்துட்டாங்க. உன் சேதி மூணு தடவ வந்து மூணு குழந்தைன்னு நெனச்சிட்டோம். அத இப்ப சரி பண்ணிட்டேன்.'

'மூணு தடவையா? நான் ரெண்டு தடவதானே அனுப்பினேன்.'

அவள் புருவம் சுருங்கியது. 'நீ ஏன்டா ரெண்டு தடவ அனுப்பின?'

'ரெண்டு பொறந்துச்சு. அதான்.'

பெட்டிக்காரி அதை ஒரு முறை படித்தாள். மறுபடி படித்தாள். தாடி சீட்டியை நிறுத்தினான். மதிப்பீட்டாளர் எழுந்து வந்து அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அடுத்த செய்தி வந்தது.

'ரெட்டைன்னு ஸ்கேன்லயே தெரியும்க்கா. யாருக்கும் சொல்லாம வெச்சிருந்தோம். ஒரே வரிய ரெண்டு தடவ அனுப்பி எல்லாரையும் அலற விடலாம்னு அவதான் யோசன சொன்னா. நீங்க என்னன்னா கல்லு மாதிரி இருக்கீங்க.'

அவள் கை தானாகப் போய், தூக்கிப் போடப்பட்டவை இருக்கும் பக்கத்தைத் திறந்தது. அங்கே, அத்தையின் புலம்பல் பிரதிகளுக்கும் தாடியின் சோதனைகளுக்கும் நடுவில், சமர்த்தாக ஒரு வரி கிடந்தது. 'பொண்ணு பொறந்தாச்சு. நல்லா இருக்கா.' மற்ற பிரதிகளைவிட வெகு நேரம் கழித்து வந்தது.

"என்னடி அது?" என்றாள் அம்மா.

"அம்மா... ரெண்டாவது பேத்தி."

"அங்க எதுக்கு இருக்கா?"

"அது... வேண்டாதத ஒதுக்குற இடம்."

அம்மாவுக்கு விஷயம் ஏற ஒரு கணம் பிடித்தது. "அடிப்பாவி! எம் பேத்தியக் குப்பையில போட்டுட்டியாடி?"

அப்போது ஒரு விசித்திரமான சத்தம் கேட்டது. முதலில் யாருக்கோ புரையேறிவிட்டது என்றுதான் நினைத்தார்கள். மதிப்பீட்டாளர் மேசையைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றினார். கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். "ஒரே வார்த்தைய எதுக்கு ரெண்டு தடவ..." என்று ஆரம்பித்து, முடிக்க முடியாமல் மறுபடி சிரித்தார். அவரைப் பார்த்துத் தாடி சிரிக்க, தாடியைப் பார்த்து அம்மா சிரிக்க, கடைசியில் பெட்டிக்காரியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அத்தையை நம்பவைப்பதுதான் பெரிய பாடாகிவிட்டது.

'அத்தை, உண்மையிலேயே ரெண்டு.'

'போடி. மூணுன்ன. ஒண்ணுன்ன. இப்ப ரெண்டா? ஏலம் விடுறியா? கேக் மேல எழுதி எழுதி அழிச்சு என் கை வலிக்குது.'

தம்பியே பேக்கரிக்கு நேராக எழுத வேண்டியிருந்தது. மூத்தவள் அழுகிறாள், இளையவள் தூங்குகிறாள், இருவருக்கும் அத்தையின் மூக்கு என்று எழுதினான். மூக்கைப் பற்றிய செய்தி போனதும் அத்தை உடனே நம்பிவிட்டாள்.

"என் கார் கீழதான் நிக்குது," என்றார் மதிப்பீட்டாளர். "மலையில இருக்கிற பெட்டியையும் நான் நேர்ல பார்த்தாகணும். எல்லாரும் வாங்க."

மலைப் பெட்டியை நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் பைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். தாடி மட்டும் ஓடிப்போய்த் தொட்டிப் பெட்டிக்கு உயிர் கொடுத்துவிட்டு வந்து, முன் இருக்கையில் ஏறிக்கொண்டான்.

ஏரியைச் சுற்றிக்கொண்டு பாதை போயிற்று. பாலத்தருகே மண் தோண்டும் வண்டிக்காரர் குற்றவாளி மாதிரி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். ஆட்கள் குழிக்குள் இறங்கிக் கேபிளை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா கார் ஜன்னலை இறக்கி, "கவலப்படாதீங்க, எனக்கு ரெட்டப் பேத்தி!" என்று கத்தினாள். அவர் ஒன்றும் புரியாமல் கும்பிடு போட்டார்.

படகுத்துறையில் அத்தை ஒரு பெரிய கேக் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் பைகள் போகக் காரில் இடமே இல்லை. அத்தை ஏறினாள். இடம் உண்டாயிற்று. மூன்று, ஒன்று, இரண்டு என்று மாற்றி மாற்றி எழுதியதில் கேக்கின் மேல் கிரீம் ஒரு சாண் உயரத்துக்கு ஏறியிருந்தது.

"அண்ணி, மூணுன்னதும் உங்களுக்குக் கையும் ஓடல காலும் ஓடலயாமே?" என்று அம்மா சீண்டினாள். அத்தை, அப்பாவின் அக்கா. இருவருக்கும் ஒருவரையொருவர் சீண்டாவிட்டால் பொழுது போகாது.

"எனக்கா? எனக்கு அதுக்கு முன்னாடியே உயிர் போய்த் திரும்பி வந்தாச்சு" என்று அத்தை வாய் தவறிச் சொல்லிவிட்டு நிறுத்தினாள்.

"என்ன அத்தை?" என்றாள் பெட்டிக்காரி.

அத்தை கேக் பெட்டியின் நாடாவைத் தடவினாள். "இப்ப எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதே, சொன்னா என்ன? காலையில போன் போன கொஞ்ச நேரத்துல ஆஸ்பத்திரியிலேர்ந்து பேக்கரிக்கு ஒரு சேதி வந்துச்சு. ஆபரேஷன் பண்ணியாகணும், மயக்க மருந்து குடுக்கிற டாக்டர் வீடு துறைப் பக்கம், போன் போகல, யாராவது போய்ச் சொல்லுங்கன்னு. யார் பேரும் இல்ல. ஆனா எனக்கு மனசுக்குள்ள ஒரு மாதிரி இருந்துச்சு. நம்ம பொண்ணாத்தான் இருக்கும்னு."

அம்மா அத்தை பக்கம் திரும்பினாள்.

"தலைய நிமித்திப் பாக்கறேன், அந்த டாக்டரே என் கடையில உக்காந்து பன் தின்னுட்டிருக்கார். வாயில பன்னோடயே இழுத்துட்டுப் போய், ரொட்டி போடற பையனோட பைக்குல ஏத்தி அனுப்பிட்டேன். உங்க அம்மாவுக்கு எழுதினா அவ பதறிடுவான்னு விட்டுட்டேன். அப்பறம் பொண்ணு பொறந்தாச்சுன்னு வந்தப்போ... மூணு தடவ வந்தா என்ன, முப்பது தடவ வந்தாதான் என்ன, வரட்டும்னு இருந்துச்சு எனக்கு."

அம்மா அத்தையின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பெட்டிக்காரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு வருடமாகக் கேட்டுக் கேட்டு ஏறிய கூரைகள். அதில் ஒன்று இல்லாமல் போயிருந்தால்? அடுத்த நிமிடமே மலைப் பாதையின் வளைவில் ஆஸ்பத்திரிக் கூரை தெரிந்தது. அதன் ஓரத்தில் சாம்பல் நிறப் பெட்டி. "அதோ! அதோ பாரு சார், அதான் நம்ம பெட்டி!" என்று சாரை 'பாரு' என்று சொல்கிறோம் என்பதுகூடத் தெரியாமல் கூவினாள்.

அறைக்குள் தம்பி தலை கலைந்து, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டு, இரண்டு தொட்டில்களுக்கும் நடுவில் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தான். வாயெல்லாம் பல். படுக்கையில் அவன் மனைவி வெளிறிப்போய், களைத்துப்போய், ஆனால் கண்ணில் குறும்பு குறையாமல் இருந்தாள்.

"வாங்க அண்ணி," என்றாள். "என் சின்னப் பொண்ணத் தூக்கிப் போட்டீங்களாமே?"

"ஒரே மாதிரி இருந்துச்சும்மா. அதான் ஏமாந்துட்டேன்" என்று பெட்டிக்காரி காதைப் பிடித்துக்கொண்டாள். "அலற விடணும்னு நெனச்சியே, விட்டுட்ட. ஊரே அலறிடுச்சு."

அவள் சிரிக்கப் போய், தையல் இழுத்து, "ஐயோ, சிரிக்க வெக்காதீங்க" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அம்மா ஒரு தொட்டிலையும் அத்தை ஒரு தொட்டிலையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். யார் மூக்கு யாருக்கு என்ற விசாரணை தொடங்கியது. தாடி வாசலில் நின்று கேக்கை வெட்டினான். கிரீமில் பாதி அவன் தாடிக்குப் போயிற்று. பைக்கில் வந்த மயக்க மருந்து டாக்டர் எட்டிப் பார்த்து, காலையில் பாதியில் விட்ட பன்னுக்குப் பதிலாக என்று சொல்லிப் பெரிய துண்டாக எடுத்துக்கொண்டு போனார்.

மதிப்பீட்டாளர் கூரை ஏறிப் பெட்டியைப் பார்த்துவிட்டு, முழங்காலில் தூசியோடு இறங்கி வந்தார். "உங்க குறுக்குவழி தப்பு" என்றார் பெட்டிக்காரியிடம்.

"தெரியும் சார். ஒவ்வொண்ணுக்கும் எண் குடுக்கணும். அத நாளைக்கே ஆரம்பிக்கிறேன்."

"ஆரம்பிங்க."

அவ்வளவுதான் சொன்னார். அது நல்லதா கெட்டதா என்று அவள் யோசிக்கும்போதே, அறையில் இருந்த எல்லாக் கைபேசிகளும் ஒரே நேரத்தில் அலறின. கேபிள் ஒட்டியாகிவிட்டது. காலையிலிருந்து தேங்கிக் கிடந்ததெல்லாம் மடை திறந்து கொட்டியது. இரண்டு குழந்தைகளும் விழித்து, இரண்டு சுருதியில் அழுதன. செவிலியர் வந்து, "போனோட இருக்கிற எல்லாரும் வெளிய!" என்று விரட்டினார். அம்மா இளையவளை அவசரமாகப் பெட்டிக்காரியின் கையில் கொடுத்துவிட்டு, உறவினர்களுக்குச் சொல்லக் கைபேசியோடு வெளியே ஓடினாள்.

பெட்டிக்காரி குழந்தையோடு ஜன்னலருகே ஒதுங்கினாள். தாழ்வாரத்தில் மதிப்பீட்டாளர் தன் அலுவலகத்தோடு பேசிக்கொண்டிருந்தது பாதித் திறந்த கதவு வழியாக நன்றாகவே கேட்டது.

"ஆமா, பாத்துட்டேன்... என்னது, நிறுத்துறதா? யார் சொன்னது? வட்டாரம் பூரா வெக்கச் சொல்லப்போறேன்... இல்ல, தப்பு இருக்கு. பெரிய தப்பு. அதப் பத்தி நேர்ல சொல்றேன், போன்ல சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க." பிறகு மறுபடி அந்தப் புரையேறும் சிரிப்பு.

அவளுக்கு எம்பிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. கத்த வேண்டும் போல இருந்தது. கையில் குழந்தை, குதிக்கவும் முடியாது, கத்தவும் முடியாது. நுனிக்காலில் மட்டும் நின்று, சத்தமில்லாமல், இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்குமாக மாறி மாறி ஆடினாள். அந்த ஆட்டம் சின்னவளுக்குப் பிடித்துவிட்டது போலிருக்கிறது. அழுகையை நிறுத்திவிட்டு, வாயை இவ்வளவு பெரிதாகத் திறந்து கொட்டாவி விட்டாள்.